வலைக்கு முன்னால் மூலைத்தூண்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து பழையபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நீ வேலி வேலையைத் தொடங்குவதற்கு முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

"தூணெல்லாம் நட்டுட்டா, வலையை ஒவ்வொரு தூணாக் கையால இழுத்துக் கட்டிக்கிட்டே போயிடலாம்" என்று வேலைக்கு வருகிறவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. கையால் இழுக்கும்போது ஒரு இடைவெளி இறுகும், அடுத்தது தொய்யும். தொய்ந்த இடத்தைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அதன் இரு பக்கமும் வலை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். கண்ணி வலை, அதாவது கம்பியால் பின்னிய செயின் லிங்க் வலை, ஒரு முனைத்தூணிலிருந்து மறு முனைத்தூண் வரை ஒரே துணியாக இழுபட வேண்டும். அந்த இழுவை முழுவதையும் வாங்கிக்கொள்வது முனைகளில் நிற்கும் மூலைத்தூணும் கேட் தூணும்தான். நடுத்தூண்களின் வேலை, வலையை நிமிர்த்தி வைப்பதும் காற்றைத் தாங்குவதும் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

நீ கொடுத்த அளவு 40 மீட்டருக்கு 25 மீட்டர், 40 மீட்டர் பக்கத்தின் நடுவில் 3.6 மீட்டர் கேட், வலை 1.8 மீட்டர் உயரம். சுற்றளவு 130 மீட்டர், கேட்டைக் கழித்தால் 126.4 மீட்டர். ஒரு சுருள் 15 மீட்டர் என்றால் 9 சுருள் போதும். மூலைத்தூண் 4, கேட் தூண் 2. நடுத்தூண்களை 2.5 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் பின்பக்கம் 15, இரண்டு பக்கவாட்டிலும் 9, 9, கேட்டின் இரு புறமும் 7, 7. ஆக 47. மூன்று மீட்டர் இடைவெளி வரை போகலாம் என்பார்கள். காற்று அடிக்கிற திறந்த நிலம் என்று எழுதியிருக்கிறாய், அதனால் 2.5-ஐத் தாண்டாதே.

நடுத்தூணுக்கு 48 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், 2.5 மீட்டர் நீளம் போதும். முனைத்தூண்கள் அதைவிடத் தடிப்பாக, 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 2.7 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். கேட் தூண் இன்னும் தடிப்பு. கேட்டின் எடை அதை ஒரு பக்கம் சாய்க்கும், வலை மறு பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பாதே. கேட் திறக்கும்போது எடையின் திசையே மாறிவிடும். குழாய் எதுவானாலும் அதன் மேல்முனைக்கு மூடி போட வேண்டும். மழைநீர் உள்ளே இறங்கினால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே அடி உள்ளிருந்து அரித்துவிடும்.

வலையை வாங்கும்போது இரண்டு விஷயம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 8 கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.6. உனக்கு 50 மில்லிமீட்டர் கண்ணியில் 10 கேஜ் சரி. 12 கேஜில் ஒருவன் ஏறி இறங்கினாலே கண்ணி உருமாறிவிடும். இரண்டாவது, பச்சைப் பிளாஸ்டிக் உறை போட்ட வலை. அதில் சொல்லும் தடிமன் பல நேரம் உறையோடு சேர்த்த தடிமன். ஒரு முனையை வெட்டி உறையை உரித்து, உள்ளே இருக்கிற கம்பியை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதே.

குழி விஷயத்துக்கு வருகிறேன். நடுத்தூணுக்கு 25 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம். முனைத்தூணுக்கு 35 அகலம், 80 ஆழம். கடப்பாரையால் தோண்டுகிறவர்கள் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தோண்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட கான்கிரீட் ஆப்பு, இழுவை வந்ததும் தூணோடு சேர்ந்து மேலே எழும்பும். குழியின் சுவர் நேராக இறங்கட்டும், அடி கொஞ்சம் அகன்றால் இன்னும் நல்லது. சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில், முனைத்தூணைச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால்களின் குழிகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 2.2 கனமீட்டர் கான்கிரீட் ஆகும். கணக்குப்படி 14 மூட்டை சிமென்ட். குழி எப்போதும் கணக்கைவிடப் பெரிதாகத்தான் அமையும், 16 வாங்கி வை. மணல் ஒரு கனமீட்டர், ஜல்லி இரண்டு. கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே எடுத்து, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசச் சொல். தூண் துருப்பிடிப்பது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான், அங்கே தண்ணீர் தேங்கக் கூடாது.

முதலில் ஆறு முனைத்தூண்களையும் நட்டு, தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் நேர் பார்த்துவிடு. பிறகு இரு முனைகளுக்கும் இடையே நூல் கட்டி நடுத்தூண்களை நடு. நூலை மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டாகக் கட்டினால் ஒவ்வொரு தூணுக்கும் ரசமட்டம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நூல் தூணைத் தொடக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் விலகி இருக்கட்டும். ஒரு தூண் நூலைத் தள்ளினால் அதற்குப் பிறகு வரும் எல்லாத் தூணும் வளைந்து போகும்.

அடுத்தது முட்டுக்கால். இதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். மூலைத்தூணை இரண்டு பக்கத்து வலையும் இழுப்பதால் அதற்கு இரண்டு முட்டு வேண்டும், கேட் தூணுக்கு ஒன்று. ஆக மொத்தம் 10. தூணின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டரில் தொடங்கி, வேலிக்கோட்டை ஒட்டியே 45 பாகையில் இறங்கி, தனிக் கான்கிரீட்டில் முடிய வேண்டும். முட்டு வலை இருக்கும் பக்கத்தில்தான் வரும். வலை தூணை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து எதிர்த்துத் தள்ளுவதுதான் அதன் வேலை.

சிலர் முட்டுக்குப் பதிலாக, முனைத்தூணுக்கும் முதல் நடுத்தூணுக்கும் இடையே குறுக்குக் குழாய் வைத்து, மூலைவிட்டமாக ஒரு இழுகம்பி போடுவார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் அந்தக் கம்பி நடுத்தூணின் மேல்பகுதியிலிருந்து முனைத்தூணின் அடிக்கு வர வேண்டும். மாற்றி, முனைத்தூணின் தலையிலிருந்து நடுத்தூணின் அடிக்குப் போட்டுவிட்டால், கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்க முறுக்க முனைத்தூண் உள்ளே சாயும். வலையின் இழுவைக்கு நாமே துணை போனது போல ஆகிவிடும். இந்தத் தலைகீழ் வேலையை நிறைய இடத்தில் பார்க்கலாம்.

கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி விட்டுவைத்த பிறகே இழுவை கொடுக்க வேண்டும். வேலைக்காரர்கள் மூன்றாம் நாளே அவசரப்படுவார்கள். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட்டில் தூண் ஒரு நூலளவு அசைந்தாலும் சுற்றிலும் விரிசல் விட்டு அதன் பிடிப்பு போய்விடும்.

பிறகு கிடைக்கம்பி. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று வரிசை, 4 மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி. மொத்தம் 380 மீட்டர், எடை 38 கிலோ வரும், முனைகளில் சுற்றுவதற்கும் சேர்த்து 40 கிலோ வாங்கு. பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, கேட்டின் இரு புறமும் இரண்டு என ஐந்து நீட்டத்துக்கும் மும்மூன்று கம்பி, கம்பிக்கு ஒன்றாக 15 டர்ன்பக்கிள். நடுத்தூணில் இதற்காகத் துளை போட வேண்டாம். துளை விளிம்பில் துத்தநாகம் போய்த் துரு அங்கேதான் தொடங்கும். கட்டுக் கம்பியால் தூணோடு பிடித்துவிட்டால் போதும். முறுக்குகிற நேரத்தையும் கொஞ்சம் கவனி. 40 மீட்டர் இரும்புக் கம்பி 20 பாகை வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். உச்சி வெயிலில் முழு இறுக்கம் கொடுத்தால், இரவில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 60 கிலோ அளவுக்குக் கூடுதலாக முனைத்தூணை இழுக்கும். காலை ஒன்பது பத்து மணி வாக்கில் முறுக்கினால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இனி வலை. ஒரு நீட்டத்துக்கு வேண்டிய சுருள்களைத் தரையில் விரித்து, இழுப்பதற்கு முன்பே ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். ஒரு சுருளின் கடைசிக் கம்பியில் மேலும் கீழும் இருக்கும் கொக்கி மடிப்பை குறட்டால் நிமிர்த்தி, கம்பியைத் திருகிக்கொண்டே மேலே உருவினால் திருகாணி மாதிரி சுழன்று வெளியே வந்துவிடும். இரண்டு சுருள்களின் விளிம்புகளையும் சேர்த்து வைத்து, அதே கம்பியை இடது கண்ணி, வலது கண்ணி என்று மாற்றி மாற்றித் திருகி இறக்கினால் இணைந்த இடமே தெரியாது. கண்ணி வரிசை பொருந்தாமல் பாதிக் கண்ணி உண்டானால் ஒரு பக்கத்தில் இன்னொரு கம்பியை உருவிவிடு, சரியாகிவிடும். இரண்டு சுருள்களைத் தூணில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த இடத்தில் இழுவை அறுந்துபோகும்.

வலையை தூணின் வெளிப்பக்கம் நிறுத்து. தள்ளுகிற மாடோ மனிதனோ வெளியிலிருந்து தள்ளும்போது வலை தூணில் சாயும், கட்டுக் கம்பியில் தொங்காது. முதல் முனையில் கடைசிக் கண்ணிகளின் வழியாக ஒரு பட்டைக் கம்பியை மேலிருந்து கீழ்வரை கோத்து, அதைக் கிளாம்பால் தூணோடு பிடித்து போல்ட் போடு. 1.8 மீட்டருக்கு ஒரு முனைக்கு ஐந்து கிளாம்ப். பத்து முனைக்கு 10 பட்டை, 50 கிளாம்ப். போல்ட் தலை வெளியே, நட்டு உள்ளே. பிறகு வலையை நிமிர்த்திக்கொண்டே போய், மேல் கம்பியில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு கட்டு மட்டும், வலை நழுவும்படி தளர்வாகப் போடு. அடியில் 5 சென்டிமீட்டர் கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டால் தரை இடைவெளி சீராக வரும்.

மறு முனைத்தூணுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போதே கண்ணிகளில் இன்னொரு பட்டையைக் கோத்து, சங்கிலியைக் கையால் முறுக்கி இழுக்கும் கை வின்ச்சை முனைத்தூணில் மாட்டி இழு. பட்டையின் நடுவில் ஒரே இடத்தில் இழுத்தால் வலை நடுவில் இறுகி மேலும் கீழும் தளரும். உன் உயரத்துக்கு இரண்டு வின்ச், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் மாட்டி, மாற்றி மாற்றிச் சில பற்களாக முறுக்க வேண்டும். அதே நேரம் ஒருவர் வேலி நெடுக நடந்து, வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் எங்கோ ஒரு தூணில் கண்ணி மாட்டிக்கொண்டு, வின்ச் பக்கம் இரும்பாக இறுகி, மாட்டிய இடத்துக்கு அப்பால் தொய்வு அப்படியே நிற்கும். இழுக்கும்போது சங்கிலிக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம்.

எதுவரை இழுப்பது? ஒரு கண்ணியின் இரு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து நெருக்கிப் பார். ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது. அதற்கு மேல் இழுப்பதும் தப்பு. கண்ணி சதுரமாக இருக்கும் நிலையிலிருந்து நீளவாக்கில் நூற்றுக்கு மூன்று பங்கு நீட்டினால், உயரம் அதே மூன்று பங்கு குறையும். 1.8 மீட்டர் வலை 5 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். மேல்கம்பி ஒரு இடத்திலும் வலை ஒரு இடத்திலுமாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இறுக்கம் சரி என்றானதும், வின்ச்சைத் தளர்த்தாமலே முனைத்தூணை ஒட்டி நிரந்தரப் பட்டையைக் கோத்து, மிச்ச வலையைக் கம்பி உருவிப் பிரித்து, ஐந்து கிளாம்பையும் முறுக்கிய பின்னரே வின்ச்சை மெதுவாக விடு. மூலையில் வலையை வளைத்துத் திருப்பாதே. ஒவ்வொரு பக்கமும் தனியாக முடிந்து தனியாகத் தொடங்கட்டும். கடைசியில் கட்டுகள். மேல்கம்பியில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, நடுவிலும் அடியிலும் 45-க்கு ஒன்று, தூணில் 30-க்கு ஒன்று. கான்கிரீட் கம்பி கட்டுகிற கறுப்புக் கம்பியை உபயோகிக்க விடாதே, அது சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும். ஜி.ஐ. கட்டுக் கம்பிதான் வேண்டும். வெட்டிய முனைகளில் ஜிங்க் பெயிண்ட் தொட்டுவிடு.

மறைப்புக்காகப் பச்சைத் துணி கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டினால் மேலே சொன்ன தூண் அளவெல்லாம் போதாது. வலையின் ஊடே காற்று போய்விடும், துணியில் அது முழுக்க மோதும். துணி நிச்சயம் என்றால் இப்போதே சொல். தூண் இடைவெளியை 2 மீட்டராக்கி, குழியையும் ஆழப்படுத்த வேண்டும்.

கிழக்குப் பக்கம் சரிவு என்று மட்டும் எழுதிவிட்டு அளவு தரவில்லை. மெல்லிய சரிவானால் வலை அதோடு சாய்ந்து கொடுக்கும். நடுவில் பள்ளமாக இருந்தால் இழுத்த வலை அங்கே மேலே தூக்கி, பள்ளத்துத் தூணைப் பிடுங்கப் பார்க்கும். அப்போது அங்கே ஒரு முனைத்தூண் வைத்து நீட்டத்தை இரண்டாகப் பிரிக்க நேரும். மூலைக்கு மூலை நூல் கட்டி, ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை நூலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் குறித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துத் தூண்களின் நீளத்தை எழுதுகிறேன். அதுவரை குழாயை வெட்டச் சொல்லாதே.

அன்புடன்,
கோபால்