இரண்டு பரப்பு ஒன்பது குழி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். மாதம் 20 டொலர் கட்டி ஏஐ எடுக்கட்டுமா என்று கேட்பதற்குள் மூன்று தரம் தொண்டையைச் செருமிவிட்டாய். காசு கேட்கும்போது உன் அப்பாவும் அப்படித்தான். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

20 டொலர் என்றால் எங்கள் காசில் ஆறாயிரத்துக்குக் குறையாது. வங்கியும் தன் பங்கை எடுக்கும். 2022 மாசியில் 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360 ஆனபோது சங்கக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள் நான். மாதாமாதம் டொலரில் போகிற செலவு என்றால் இன்னும் வயிறு கலங்குகிறது.

நானும் இதைப் பரீட்சித்துப் பார்த்தேன், சிரிக்காதே. பின்வேலி அடைக்கவேண்டி தாத்தாவின் காணி உறுதியை எடுத்தேன். "இரண்டு பரப்பு ஒன்பது குழி" என்று இருந்தது. போனில் இருக்கிற இலவச ஏஐயிடம் இது எத்தனை பேர்ச் என்று கேட்டேன். 29 என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னது. ஒரு பரப்பு 10 பேர்ச், அது சரி. ஆனால் பத்துக் குழி ஒரு பரப்பு என்று தானாகவே வைத்துக்கொண்டுவிட்டது. எங்களுக்கு 18 குழி ஒரு பரப்பு. அப்படிப் பார்த்தால் இரண்டரைப் பரப்பு, 25 பேர்ச்.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து பெரியம்மாவின் மகள் வந்திருந்தாள். அவளுடைய கந்தோர் காசு கட்டிக் கொடுத்த ஏஐ கணக்கு போனில் இருந்தது. அதிலும் கேட்டோம். அது கொஞ்சநேரம் யோசித்தது, அட்டவணை போட்டது, ஏக்கருக்கு 16 பரப்பு என்று சரியாகச் சொன்னது, கடைசியில் அதே 29 பேர்ச். 18 குழி என்று நான் சொல்லிக் கொடுத்ததும் இரண்டுமே மன்னிப்புக் கேட்டு 25 என்றன. அந்த நாலு பேர்ச்சை நம்பி வேலி போட்டிருந்தால் பக்கத்து வளவுக்காரர் என்னை நீதிமன்றத்துக்கு இழுத்திருப்பார்.

அதற்காகக் காசு கட்டுவது வீண் என்று சொல்லவில்லை. உன் வேலை வேறு. கிணற்று நீர் நைத்திரேற்றைப் பற்றி நாற்பது ஐம்பது கட்டுரைகளும், தோட்டக்காரரிடம் பதிந்த பேச்சுகளும் வைத்திருக்கிறாய். இலவசத்தில் கோப்பு ஏற்றுவதற்கு அளவு உண்டு. நாலைந்து கேள்விக்குப் பிறகு "பிறகு வா" என்கிறது, அல்லது சத்தமில்லாமல் திறன் குறைந்த சின்ன மாடலுக்கு மாற்றிவிடுகிறது. தமிழில் நீளமாகக் கொடுத்தால் அது ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைத்துத்தான் வாசிக்குமாம், அதற்கேற்ப அளவும் கெதியாய்க் கரையும். 2024இல் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, முன்பு 116 துண்டான ஒரு தமிழ் மாதிரி வசனம் 35 துண்டாகக் குறைந்ததாம். தங்கச்சிதான் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: ஒரே அரட்டையை நாள்கணக்கில் இழுத்தால் கிளோட் என்ற ஏஐ போன்றவற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் பழையதெல்லாம் திரும்ப வாசிக்கப்பட்டு அளவு கெதியாய் முடியும். வேலைக்கு ஒரு புது அரட்டை திற. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

அதனால் முதலில் இரண்டு கிழமை இலவசத்திலேயே வேலை செய். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளோட் மூன்றிலும் இலவசக் கணக்கு இருக்கிறது. எந்த இடத்தில் முட்டி நிற்கிறாய் என்று கொப்பியில் எழுது. முட்டுகிற இடம் கோப்பு என்றால் கட்டு. "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பதுதான் காரணம் என்றால் வேண்டாம். வெங்காயத்துக்கு இறைக்கிற காலத்தில் அப்பா மெசின் வாடகைக்கு எடுப்பார், மழை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அறிக்கை எழுதுகிற ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் போதாதா? வருடத்துக்குக் கட்டினால் மலிவு என்று காட்டுவான், அதைத் தொடாதே.

அப்புறம், நாலு பேர் சேர்ந்து சீட்டு மாதிரி ஒரு கணக்கு எடுக்கலாம் என்று உன் அறைப் பெடியன் சொன்னானாமே. அது அவர்களின் விதிக்கு மாறு. அதைவிட, நீ எழுதுவதை மற்ற மூன்று பேரும் வாசிப்பார்கள், நீ தொடங்குமுன்னே அளவையும் முடித்திருப்பார்கள். சங்கக்கடையில் பொதுச் சாவி இருந்த அலுமாரியில் சீனி எப்போதும் குறைவாகத்தான் இருந்தது.

காசு கட்டினால் உன் விஷயம் உள்ளேயே இருக்கும் என்றும் நினைக்காதே. நீ எழுதுவதை ஏஐயின் பயிற்சிக்கு எடுப்பதை நிறுத்துகிற பொத்தான் அமைப்புகளுக்குள் இருக்கிறது. இலவசமோ கட்டணமோ, தனி ஆள் கணக்கு என்றால் அதை நீதான் போய்ப் பார்க்கவேண்டும். தோட்டக்காரர் உன்னை நம்பிப் பெயர், ஊர், உர அளவு எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஏற்று. நானும் உறுதியைப் படம் எடுத்து ஏற்றவில்லை, அளவை மட்டும்தான் தட்டினேன்.

கட்டிய அன்றே நிறுத்தலையும் போட்டுவிடு, மாதம் முடியும்வரை பாவிக்க விடுவார்கள். போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. போன வருடம் ஒரு படம் பார்க்கிற சந்தாவை அப்படி அழித்துவிட்டு ஐந்து மாதம் காசு போனதை அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் கணக்கில் 13,000 போட்டிருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு. முட்டாவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கு, போன தரம் வந்தபோது அடி தேய்ந்திருந்தது.

வேலிக்குக் கிடுகு சொல்லியாயிற்று. 25 பேர்ச்சுக்குத்தான்.

அன்புடன்,
அம்மா