'ஒரு பிடி' என்றால் எத்தனை கிராம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வாசகர்கள் எழுதும் பரம்பரைச் சமையல் குறிப்புகளை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். பிடித்தவற்றைக் கத்தரித்தும் வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகள் தொடர்பாக ஒரு கோரிக்கை. 'ஒரு பிடி', 'ஒரு கிண்ணம்', 'தேவையான அளவு' என்று வரும் இடங்களில், எழுதியவரிடம் எடையைக் கேட்டு வாங்கி அதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஏன் இதை இத்தனை வற்புறுத்துகிறேன் என்பது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

திருநெல்வேலிப் பக்கம் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தாலும், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாலும், இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளான நாங்களோ எந்தக் காரணமும் இல்லாமலே அதைக் கேட்டு அடம்பிடிப்போம். ஆச்சி உருளியை இறக்கி வைத்து, கையைத் தண்ணீரில் நனைத்துச் சூட்டோடு உருட்டுவாள். உருண்டையின் நடுவே கட்டைவிரலால் ஒரு குழி. அந்தக் குழி நிறைய நல்லெண்ணெய். கடித்த உடனே எண்ணெய் முழங்கை வரை வழியும். வழிந்ததை நக்கினால் அதிலும் கருப்பட்டி வாசம் இருக்கும்.

ஆச்சி 1984-இல் இறந்தாள். அதற்கு முன்பே அம்மா அவளிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். களிக்கு உரிய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'கருப்பு உளுந்து 1 ஆழாக்கு, பச்சரிசி 1 பிடி, கருப்பட்டி 2, எண்ணெய் வாங்குகிற மட்டும்.'

சென்ற ஆண்டு பெங்களூரில் என் மகளுக்குப் பிரசவம் ஆனது. நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கையில் கிடைத்த டம்ளரால் உளுந்தை அளந்து, என் கையால் ஒரு பிடி அரிசி சேர்த்து, இரண்டு கருப்பட்டி தட்டிப் போட்டுக் கிண்டினேன். களி வெளிறிப் போய், விறைத்து, மண்வெட்டியால் எடுக்கலாம் போல் இருந்தது. மகள் முகம் கோணாமல் தின்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால், "கண்ணுக்குத் தெரியுமே, இதற்கெல்லாம் அளவு எதற்கு?" என்கிறாள். அம்மாவுக்கு இப்போது 84 வயது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். அம்மாவை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, களிக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அவள் கை பாத்திரத்துக்குப் போகும் முன்பே மறித்துத் தராசுத் தட்டில் போட வைத்தேன். முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது.

அவள் ஒரு பிடி அரிசி 47 கிராம். மறுபடி அள்ளச் சொன்னேன்: 46. மறுபடி: 48. மறுபடியும் 47. என் பிடி 62 கிராம் இருந்தது. கைத்தராசு என்று சும்மா சொல்லவில்லை, ஐயா. அந்தச் சுருங்கிய கைக்கு ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் பிசகவில்லை.

அடுத்தது ஆழாக்கு. பரணில் கிடந்த ஆச்சியின் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 170 மில்லி. தலைதட்டி அளந்தால் அதில் 140 கிராம் உளுந்து பிடிக்கிறது. ஆனால் அம்மா தலைதட்டவே இல்லை, கோபுரமாகக் குவித்தாள். நிறுத்தால் 175 கிராம்! குவிப்பதா, தட்டுவதா என்று நோட்டில் ஒரு வார்த்தை இல்லை. ஆச்சி வீட்டில் எல்லோரும் குவித்துத்தான் அளப்பார்களாம், அதனால் எழுதத் தோன்றவில்லையாம். கருப்பட்டி இன்னும் மோசம். காய்ச்சிய பதநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது அது. சிரட்டைக்குச் சிரட்டை எடை மாறும். அம்மா அன்று இரண்டு எடுத்தாள், கையில் தூக்கிப் பார்த்தாள், மூன்றாவதையும் எடுத்தாள். மூன்றும் சேர்த்து 260 கிராம்.

நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. அதற்கு முந்தைய சமையல் எல்லாம் படியிலும் பலத்திலும் இருக்கிறது. படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் அந்தப் படி ஊருக்கு ஊர் வேறு. அம்மாவின் நோட்டில் வேறொரு பக்கத்தில் 'புளி 1 பலம்' என்று இருக்கிறது. அதைப் படித்த என் மகள், புளியைத் தூக்கலாகப் போட வேண்டும் என்று புரிந்துகொண்டாள். பலம் என்பது 3 தோலா, சுமார் 35 கிராம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பிறகு யார் சொல்லுவார்?

'ஆச்சியின் கைமணம் வராது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லியே, கேட்டு எழுதியிருக்க வேண்டியதை எழுதாமல் விட்டோம் என்பது என் எண்ணம். அது மாயமல்ல, 47 கிராம். ஆச்சியின் சொதியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் அப்படித்தான் இழந்தேன். நோட்டில் அவற்றின் பெயர் மட்டும் இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருக்கும் வாசகர்கள் இந்த வாரமே ஒரு தராசை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உங்கள் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் எங்கள் களியின் அளவை எழுதுகிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள். தோல் உளுந்து 175 கிராம், பச்சரிசி 47 கிராம். இரண்டையும் தனித்தனியே வாசம் வர வறுத்து, ஆறவிட்டு, நைசாகத் திரித்துக்கொள்ள வேண்டும். கருப்பட்டி 260 கிராமை 750 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்ட வேண்டும். அது நன்றாக ஆறியபின் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் ஏற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். நல்லெண்ணெய் மொத்தம் 130 கிராம். அம்மா அதை ஐந்து தடவையாக ஊற்றினாள். முன்பு ஊற்றியதைக் களி முழுக்க இழுத்துக்கொண்ட பிறகே அடுத்தது. கடைசியில் ஊற்றியதை இழுக்காமல் ஓரத்தில் கக்கும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாது. அப்போது இறக்கிச் சூட்டோடு உருட்ட வேண்டும், ஆறினால் உருண்டை பிடிக்காது. குழிக்கு ஊற்றும் எண்ணெய் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை