பாப்பாவுக்கு, மொட்டை மாடி சேதி

பாப்பா,

சாப்புட்டியா? போன்ல "நல்லாருக்கேன்ப்பா"வுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது, அதான் டைப் பண்றேன், நேரங் கெடைக்கும்போது படி.

அம்மா ஸ்கூல்ல எட்டாப்புப் பிள்ளைகளுக்கு ரேடியோ வச்சு வானிலை சொல்லிக்குடுக்க என்னையக் கோத்துவிட்டுட்டா. மொதல்ல நம்ம பழைய டிரான்சிஸ்டர்தான். மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத எடமாப் பாத்து வச்சா எங்கயோ மின்னுறதெல்லாம் படபடன்டு கேக்கும்ல, இடிச் சத்தம் காதுக்கு எட்டாத தூரத்துல இருந்து கூட. நிமிசத்துக்கு எத்தனைன்டு எண்ணி எழுதச் சொன்னேன். ஒருநா உசிலம்பட்டி பக்கம் இருட்டிக்கிட்டு வருது, ஒரு பொடிப்பய "தாத்தா எண்ண முடியல, டீச்சர் வண்டிய உள்ள விடச் சொல்லுங்க"ங்குறான். பேஞ்சுருச்சு! நீயும் இப்படித்தான் வத்தல அள்ளச் சொல்லி ஆச்சிய வெரட்டுவ.

நேரத்துக்குச் சாப்புடு. ராத்திரி மூணு மணிக்கு நான் எந்திரிச்சுப் பாத்தா நீ ஆன்லைன்ல இருக்க. வேலையாத்தான் இருக்கும்.

அப்புறம் சாட்டிலைட். நாம மாடியில படம் புடிச்ச நோவா வானிலை சாட்டிலைட் மூணையும் அமெரிக்காக்காரன் 2025-ல நிறுத்திட்டான்ல, அந்த டிக் டிக் சத்தம் இனி இல்ல. இப்ப ரஷ்யாக்காரன் மெட்டியோர்தான், 137.9 மெகாஹெர்ட்ஸ், 820 கிலோமீட்டர் ஒசரத்துல போகுது, கேட்டா வெறும் இரைச்சல், கம்ப்யூட்டர்தான் படமாக்கணும். 53 சென்டிமீட்டர்ல ரெண்டு அலுமினியக் கம்பி, நடுவுல 120 டிகிரி, நீ புரோட்ராக்டர் வச்சு அளந்த அதே வி ஆண்டெனா. தண்ணித்தொட்டி மறைச்ச எடத்துல படம் கருப்பாப் போச்சு, நகத்தி வச்சோம். கேரளா பக்கம் மொத்தமா வெள்ளை, மலைக்கு இங்கிட்டு ஒண்ணுமே இல்ல. "நம்ம மேகத்த மலை புடிச்சு வச்சுக்கிருச்சா தாத்தா"ன்டு ஒரு புள்ள. ஆமாத்தா, தென்மேற்கு காத்து மலையில ஏறி அங்கிட்டே கொட்டிருது, இங்கிட்டு எறங்கும்போது காஞ்ச காத்துதான். அந்தத் தண்ணிதான் பெரியாறு அணையில இருந்து சுரங்கம் வழியா வைகைக்கு வருது, 1895-ல இருந்து. மேலூர்க்கார புள்ள ஒண்ணு உடனே "எங்க வாய்க்கால் தண்ணியா"ன்டுச்சு. எனக்குப் பெருமை தாங்கல, உன்னைய நெனச்சுக்கிட்டேன். சின்ன வயசுலயே ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி கால்சைன், அதான் ரேடியோவுல பேசுறதுக்குன்டு தனிப் பேரு, வாங்குன புள்ள, இப்ப ரேடியோ செட்ட ஆன் பண்ணி எத்தனை வருசமாச்சு சொல்லு. அங்க கூட தங்கியிருந்த அந்தப் புள்ள இன்னும் கூடத்தான இருக்கு? சின்ன மாமா ஏதோ சொன்னான், ஆபீசுக்கு நீ போறதில்லைன்டு, நான் காதுல வாங்கிக்கல, அவனுக்கு வேற பொழப்பில்ல. அம்மாகிட்ட சொல்லல. அம்மாவும் எங்கிட்ட ஏதோ சொல்லாமத்தான் சுத்துறா.

தூங்கு தாயி, நேரத்துக்குச் சாப்புடு, மோரு ஊத்திச் சாப்புடு, சூடு கொறையும்.

வர்ற சனிக்கெழம சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல நல்ல ஒசரமாப் போற பாஸ் ஒண்ணு இருக்கு. அக்கா வீடியோ கால்ல வந்து டாப்ளர்னா என்னன்டு சொல்லுவான்னு பிள்ளைககிட்ட சொல்லிட்டேன், எனக்கு அது சரியாச் சொல்ல வரமாட்டேங்குது. நீ நேருலயே வந்தாலும் சரிதான். பாண்டியன்ல டிக்கெட் இல்லாட்டி பஸ்சுல வா, மாட்டுத்தாவணிக்கு எந்நேரம்னாலும் வண்டியோட வந்து நிக்கிறேன். ஜிபேல கொஞ்சம் பணம் போட்டுருக்கேன், எதுக்குன்டு கேக்காத, அம்மாகிட்ட சொல்லாத.

அப்பா