மடிக்கணினி இல்லாத பிள்ளை ஹேக்கத்தானுக்கு வரக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடிங் ஹேக்கத்தான், அதாவது குறித்த நேரத்துக்குள் கணினி நிரல் எழுதும் போட்டி, நடத்துவது நல்ல விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எங்கள் பகுதி நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சந்தோஷமாக வாசித்துக்கொண்டே வந்தால் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி, மடிக்கணினி கொண்டு வர வேண்டுமாம். அப்புறம் எங்கே எல்லோரும் வருவது?

சொத்து வரி கட்டும்போது அதோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டப்படி உள்ளாட்சிகள் வசூலிக்கும் பணம் அது. புத்தகம் வாங்க வசதியில்லாதவரும் வந்து படிக்கட்டும் என்பதற்காகத்தான் தருகிறோம். படிக்க வருபவரிடம் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள் என்று எந்த நூலகரும் சொல்ல மாட்டார், கணினி என்றதும் மட்டும் இந்த நிபந்தனை எப்படி வந்தது என்று தெரியவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்கூட மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும்தான் போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடைப்பது அப்பாவின் போன், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகு.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுத விலையுயர்ந்த கணினி தேவையில்லை, ஓரமாகக் கிடக்கும் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் போதும். ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்காரட்டும், ஒருவர் தட்ட மற்றவர் தப்புப் பார்த்தால் வேலையும் நன்றாகவே நடக்கும். போதவில்லை என்றால் பக்கத்து அரசுப் பள்ளியின் ஹைடெக் லேப் என்ற கணினி அறையை ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கலாமே. பிரிட்டனில் 2016-இல் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற உள்ளங்கையளவு கணினிப் பலகையை இலவசமாகக் கொடுத்தார்கள், சுமார் 10 லட்சம் பலகைகள். பிறகு அங்கே பல பொது நூலகங்கள் அதையும் புத்தகங்களோடு இரவல் கொடுக்க ஆரம்பித்தன. நம் மாவட்ட மைய நூலகங்கள் இருபது, முப்பது பலகைகளாவது வாங்கி வைக்க முடியாதா?

அடுத்தது தலைப்பு. செயற்கை நுண்ணறிவு, ஸ்மார்ட் சிட்டி என்று கொடுத்தால் பிள்ளைகள் இணையத்திலிருந்து எதையாவது இறக்கி ஒட்டி மேடையில் ஒப்பிப்பார்கள், நடுவர்களும் கைதட்டுவார்கள். நூலகத்திலேயே வேலை கொட்டிக் கிடக்கிறது. தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை அகர வரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யூனிகோடு எண்ணைத்தான் பார்க்கும், அதில் நம் மெய்யெழுத்து வரிசையில் கடைசியாக வரவேண்டிய 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் வந்து நிற்கும். 'நூலகம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 6 என்கிறது, நமக்கோ நாலுதான், ஏனென்றால் அது 'நூ'வில் உள்ள ஊகாரக் குறியையும் 'ம்' மேலுள்ள புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணுகிறது. தலைப்பில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் தேடலில் புத்தகம் சிக்காது. இதையெல்லாம் சரிசெய்ய ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி முயன்றால் மொழியும் படிப்பாள், நிரலும் படிப்பாள், நூலகத்துக்கும் உருப்படியாக ஒன்று மிஞ்சும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அதையும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம்தான் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வைக்கலாம்.

24 மணி நேரம், விடிய விடிய என்று கல்லூரிக்காரர்கள் நடத்துவதைப் பார்த்து இங்கேயும் செய்ய வேண்டாம். ராத்திரி தங்க வேண்டும் என்றால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகள்தான். காலை பத்து முதல் மாலை நாலு வரை, இரண்டு சனிக்கிழமை வைத்தால் போதும், மதியம் சாப்பாடும் கொடுங்கள்.

பரிசுத் தொகையைக் குறைத்தாலும் பரவாயில்லை. அரையாண்டு விடுமுறைக்கு அடுத்த ஹேக்கத்தானை அறிவிக்கும்போது அந்த மடிக்கணினி வரியை எடுத்துவிட்டு, நூலகத்தில் எத்தனை கணினி இருக்கிறது என்பதை நோட்டீஸில் போடச் சொல்லி மாவட்ட நூலக அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்