ஆறரை மணிக்கு மேல் விளக்கை எரியவிட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் இந்த வருஷம் எங்கள் அணிக்கு மூன்றாம் இடம். கோப்பை ஒரு சாண் உயரம்தான். பிரின்சிபால் ரூம் பீரோவில் ஏறிவிட்டது. கல்லூரி விழாவில் நன்றி சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது தீர்ந்துபோனது. கீழே நின்றவர்களுக்கும், விழாவுக்கே வராதவர்களுக்கும் சொல்ல வேண்டியது பாக்கி நிற்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கல்லூரி. கிரவுண்ட் சிமெண்ட் தரை. நாலரைக்கு வகுப்பு விட்டாலும் ஐந்தரை வரைக்கும் தரையில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. ஆறரைக்கு மேல் இருட்டிவிடும். அணியில் பன்னிரண்டு பேர், அதில் எட்டுப் பேர் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்கள். ஒரு நாளைக்கு எங்களுக்குச் சொந்தமான நேரம் ஒரு மணி நேரம்தான். இரண்டாவது மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தது நீங்கள்.

முதலில் வாட்ச்மேன் அண்ணனுக்கு. ஆறரைக்குப் போக்கஸ் லைட்டை அணைக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. ஜூன் மாதம் முதல் வாரத்தில் நாங்கள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் கேட்டார்: "ஏன் அம்மிணி, அதுக்குள்ள போறீங்க? என்ற வாச்சு கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், நீங்க ஆடுங்க." அந்த வாட்ச் அதற்கப்புறம் தினமும் ஒரு மணி நேரம் பின்னால்தான் ஓடியது. இப்போது உத்தரவே ஏழரை என்று மாறிவிட்டதால் இதை வெளியில் சொல்லலாம்.

அடுத்து, ஏழே முக்கால் டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் கடைசி வண்டி. "இன்னும் ரெண்டு புள்ளைங்க வரணும்" என்று அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனை என்று கணக்கு இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தைப் பொறுத்துக்கொண்ட பயணிகளுக்கும் நன்றி. பொறுத்துக்கொள்ளாமல் திட்டியவர்களுக்கும் பரவாயில்லைங்க, வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவர்களின் கோபம் நியாயமானதுதான். 2021லிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. வீட்டில் போய்த் தினம் பஸ் காசு கேட்டிருந்தால் எங்களில் மூன்று பேராவது ஆகஸ்டுக்குள் நின்றிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பிரச்சினை காசு இல்லை, இருட்டு. "பொட்டப் புள்ளைக்கு ஏழு மணிக்கு மேல கிரவுண்டுல என்ன வேலை?" என்றார் அப்பா. எங்களுக்கு விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. மேடம் வீட்டுக்கே வந்து, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொன்னார். ரயில்வேயில் கூடைப்பந்து ஆடியே வேலைக்குப் போனவர்களைச் சொன்னார். இந்திய அணிக் கேப்டனாக இருந்து, கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னைக்கார அனிதா பால்துரையின் போட்டோவைப் போனில் காட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், சரி என்று மட்டும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாயி, எங்கள் அம்மாவின் அம்மா, வந்தது. "ராத்திரி பத்து மணிக்குக் கரண்டு வந்தா பத்து மணிக்குப் போயித்தான் தென்னைக்குத் தண்ணி கட்டுனேன். அப்ப ஒருத்தரும் பொட்டப் புள்ளைன்னு கேக்கலீங்களே மாப்ள?" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாப்பில் டார்ச் லைட்டோடு வந்து நின்றார். அப்பா, உங்களுக்கும் நன்றி. அந்த டார்ச்சுக்கு இனி பேட்டரி நான் வாங்கித் தருகிறேன்.

எங்கள் கிரவுண்டை ஒட்டி ஒரு தேங்காய் நார் மில் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மில்லில் குவித்திருக்கும் நார்த் தூளை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் தரையில் கொட்டும். செம்பழுப்பாக மாவு மாதிரி இருக்கும். அதன்மேல் ஷூ வைத்தால் எண்ணெயில் கால் வைத்த கதைதான். தினம் கால் மணி நேரம் நான்கு சீமாறு வைத்துப் பெருக்கினோம். மூன்றாவது வாரம் மில்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் நாலு மணிக்கு அந்தக் குவியல் நனைந்திருந்தது, மேலே தார்ப்பாய். சீசன் முடியும் வரைக்கும் யாரோ ஒருவர் நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்தார். அவர் யாரென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அண்ணனோ அக்காவோ, உங்களால் எங்களுக்குத் தினம் கால் மணி நேரம் மிச்சம்.

காற்றை மட்டும் யாராலும் தார்ப்பாய் போட்டு மூட முடியவில்லை. வடக்கு வளையத்துக்குப் போடும்போது பந்தை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி பார்க்கப் பழகிக்கொண்டோம். இது பின்னால் வரும்.

பந்து கொடுத்த சீனியர் அக்காக்களுக்கு. ஸ்போர்ட்ஸ் ரூமில் இருந்ததெல்லாம் ஏழாம் நம்பர் பந்து, ஆண்கள் ஆடுவது, சுற்றளவு இருபத்தொன்பதரை அங்குலம். பெண்களுக்கு ஆறாம் நம்பர், இருபத்தெட்டரை. ஒரு அங்குலம்தானே என்று கேட்பார்கள். எடையும் குறைவு என்பதால், பெரிய பந்தில் பழகிவிட்டு மேட்ச்சில் சின்னதைக் கையில் வாங்கினால் ஷாட் எல்லாம் வளையத்தைத் தாண்டி ஓடும். போன வருஷம் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்ததில் பாதிக் காரணம் அதுதான் (மீதிப் பாதி எங்கள் டிஃபென்ஸ்). அக்காக்கள் நான்கு பேர் முதல் சம்பளத்தில் பங்கு போட்டு மூன்று பந்து வாங்கி வந்தார்கள். ஒன்றின் மேல் "தண்ணியில போட்றாதீங்கடி" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. இப்போது 'தண்ணி' மட்டும்தான் தெரிகிறது.

ஆகஸ்டில் எங்கள் பாயிண்ட் கார்டுக்கு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளுக்கு, முழங்கால் போனது. யாரும் இடிக்கவில்லை. குதித்து இறங்கினாள், 'டப்' என்று ஒரு சத்தம், பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு கிழிந்திருந்தது. அவள் வீட்டில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போகக் கிளம்பினார்கள். அவர்களை உட்காரவைத்து, எலும்பு முறிவு வேறு, ஜவ்வு கிழிவது வேறு என்று படம் வரைந்து விளக்கிய பிசியோ அக்காவுக்கு நாங்கள் ரொம்பக் கடன்பட்டிருக்கிறோம். அவர் அதோடு விடவில்லை. இந்தக் காயம் பெண்களுக்குக் கூடுதலாக வரும், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்குவது ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லி, சனிக்கிழமை தோறும் வந்து எங்களுக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தார். ஆமாங்க, குதிக்க இல்லை, இறங்க. கண்ணாடி முன்னால் நின்று குட்டித் தாண்டலாகத் தாண்டி, முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அதற்கப்புறம் சீசன் முழுக்க ஒரு முட்டியும் போகவில்லை. பாயிண்ட் கார்டு நொண்டிக்கொண்டே வந்து ஸ்கோர் ஷீட் எழுதினாள். எங்களுக்கு எத்தனை ஃபவுல் என்று நடுவர் சொல்லும் முன்பே அவள் கத்துவாள்.

ஜெர்சி தைத்துக் கொடுத்த திருப்பூர் மாமாவுக்கு ஒரு பாதி நன்றி. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து பன்னிரண்டும் தைத்தார், கூலி வாங்கவில்லை. ஆனால் மாமா, அதில் 8 இரண்டு இருந்தது. ஒரே அணியில் இரண்டு பேருக்கு ஒரே நம்பர் கூடாது. மேட்ச்சுக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பார்த்தோம். அங்கே மைக் செட் கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் அண்ணன் நீல இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து ஒரு 8இன் இடப்பக்கத்தை மறைத்தார், அது 3 ஆகிவிட்டது. மீதிப் பாதி நன்றி அவருக்கு.

மேட்ச் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அரையிறுதி, நாலாவது குவார்ட்டர். எங்கள் சென்டர் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். ஒன்பது வினாடி இருக்கும்போது எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று வளையத்துக்குப் போடுவது. முதலாவது விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தின் இடப்பக்கம் பட்டுத் தெறித்தது. உள்ளரங்கம் அது, காற்றே இல்லை. "உன் கை இன்னும் நம்ம ஊர்க் காத்துக்குத்தான் போடுது" என்றார் பி.டி. மேடம். ஆறுதலுக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தது, அதை ஜெயித்தோம்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அம்மாக்களை விட்டுவிட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. நான்கு பேர், நான்கு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குப் போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டு வந்தார்கள். கூடவே நெய், கட்டித் தயிர், மாங்காய் ஊறுகாய். கேலரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தட்டில்லாமல் மூடியிலேயே சாப்பிட்டோம். எங்களிடம் தோற்ற அணிப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் போதுமான அளவு இருந்தது.

அந்தப் போசிகளில் மூன்று இன்னும் எங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமில் இருக்கின்றன. ஒன்றின் மூடியில் 'பொ.ரா.' என்று பேர் வெட்டியிருக்கிறது, ஒன்றுக்குக் கைப்பிடி ஆடுகிறது, மூன்றாவது எங்கள் வீட்டுடையது இல்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறார். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஏழரை வரைக்கும் விளக்கு எரியும், வந்து வாங்கிக்கொள்ளுங்க.

அன்புடன்,
அணிக் கேப்டன், மூன்றாம் ஆண்டு
(டேப் ஒட்டாத 8)