குடிமையியல் பெட்டி செய்யறோம், உங்க பங்கும் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஓட்டு, மனு, கிராம சபை எல்லாம் பள்ளிக்கூட பசங்க கையால தொட்டு கத்துக்கற மாதிரி ஒரு பெட்டி செய்யறோம், அதுக்கு பணம் சேர்க்கறோம். கொஞ்சம் நீளமா எழுதறேன், முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ மூணுலயும் ஒன்பதாவது படிக்கிற பசங்கள ஒரே ஹால்ல உட்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "உங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரல, யார்கிட்ட போவீங்க?"

சிபிஎஸ்இ பையன் ஒருத்தன் டக்குனு எழுந்து "எம்.பி. கிட்ட" னு சொன்னான். அரசியலமைப்பு முகப்புரைய இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தப்பாம ஒப்பிக்கிற பையன் அவன், லோக்சபாவுல 543 சீட்டு, தமிழ்நாட்டுக்கு 39 னு எல்லாம் தெரியும், ஆனா குழாய்க்கும் எம்.பி.க்கும் நடுவுல எத்தனை பேர் இருக்காங்கனு தெரியல. மெட்ரிக் பையன் ரிப்பன் பிரபு 1882, உள்ளாட்சியின் தந்தைனு ரெண்டு மார்க் பதில் மாதிரியே சொன்னான், சரிப்பா உன் வார்டு நம்பர் என்னனு கேட்டா முழிக்கிறான். அரசுப் பள்ளி பொண்ணு மட்டும் "திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம் மிஸ்" னு சொல்லிச்சு, அவங்கம்மா கூட குறைதீர் கூட்டத்துக்கு போய் வரிசைல நின்னிருக்கு, அதனால தெரியும். கலெக்டர் எப்படிம்மா வர்றாருனு கேட்டோம். "ஓட்டு போட்டுத்தான்" னு சொல்லிச்சு.

இதுல எந்தப் பிள்ளையும் மக்கு இல்ல. அதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன். ஒருத்தனுக்கு டெல்லி தெரியுது, தெரு தெரியல. இன்னொருத்திக்கு ஆபீஸ் வாசல் தெரியுது, உள்ள உட்கார்ந்திருக்கறவர் யாரால வந்தார்னு தெரியல. இவன்கிட்ட இல்லாதது அவகிட்ட இருக்கு, ஆனா இவங்க ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்து பேசற இடமே நம்ம ஊர்ல இல்லாமப் போச்சு.

சமச்சீர் வந்து, 2011ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் பத்தாவது வரைக்கும் ஒரே பாடம்தான், மீடியம் மட்டும் வேற. சிபிஎஸ்இக்கு என்சிஇஆர்டி புத்தகம். ரெண்டு புத்தகமும் நல்ல புத்தகம்தான், அத குறை சொல்லவே மாட்டேன். ஆனா பரீட்சை நெருங்கினா மேப், டைம்லைன்னு மார்க் வர்ற இடத்துலயே போட்டு தேய்க்கிறாங்க, குடிமையியல் கடைசி வாரத்துல ஓடிப்போயிடுது. அப்புறம் பதினொண்ணாவதுல மேக்ஸ் பயாலஜி எடுத்தா சமூக அறிவியலே கிடையாது, பாலிடெக்னிக், ஐடிஐ போற பசங்களுக்கும் அதே கதைதான். பதினஞ்சு வயசுல கடைசியா குடிமையியல் படிக்கிற பிள்ளை பதினெட்டு வயசுல ஓட்டு போடப் போகுது. நடுவுல மூணு வருஷம் ஒண்ணுமே இல்ல. ஓட்டு வயசு 21ல இருந்து 18ஆ குறைஞ்சது 1989ல, அதுக்கேத்த மாதிரி பள்ளிக்கூடத்துல என்ன மாத்தினோம்னு யோசிச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு. 17 வயசு முடிஞ்சாலே வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கற படிவம் 6 முன்கூட்டியே குடுக்கலாம்னு பன்னெண்டாவது பசங்க நிறைய பேருக்கு தெரியல, ஆதார் இருந்தா பேரு தானா லிஸ்ட்ல வந்துரும்னு நினைச்சிட்டு இருக்காங்க.

அதனால நாங்க ஒரு பெட்டி செய்யறோம். உள்ள இருக்கறது எல்லாமே கையில எடுத்து பார்க்கற, நிரப்பற விஷயம்தான். படிவம் 6 நகல், தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) மனுவோட மாதிரி, எஃப்ஐஆர் எப்படி இருக்கும்னு ஒரு மாதிரி (புகார் குடுத்தவருக்கு அதோட நகல் இலவசமா தரணும்ங்கிறதும் அதுலயே இருக்கு), சொத்துவரி ரசீது, வார்டு மேப், கிராம சபை தீர்மான நோட்டு. கூடவே ஆளுக்கு ஒரு பயிற்சி புத்தகம், தமிழும் இங்கிலீஷும் எதிரெதிர் பக்கத்துல. ரெண்டு வேற வேற போர்டு பள்ளிக்கூடத்த ஜோடி சேர்த்து நாலு சனிக்கிழமை, கடைசி சனிக்கிழமை ஒத்திகையா ஒரு கிராம சபை. டவுன் பசங்க நிறைய பேர் கிராம சபைனு ஒண்ணு நடக்கறதையே பார்த்ததில்ல. நம்ம தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு நடக்கணும், குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. ஊராட்சி வரவு செலவு கணக்க மக்கள் முன்னாடி வைக்கிற இடம் அது, அங்க எழுந்து கேள்வி கேட்கலாம்னு சொன்னா பசங்க நம்பவே மாட்டேங்கறாங்க.

ஒரு விஷயம் சொல்றேன். அந்த கலெக்டர் ஆபீஸ் வரிசைல நின்ன பொண்ணு ஆர்டிஐ மனு பயிற்சில முதல்ல எழுதினது "கருணை கூர்ந்து, தயவுசெய்து தகவல் கொடுத்து உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்". 2005ல வந்த சட்டம்மா, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினா 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும், எதுக்கு கேட்கறேன்னு காரணம் கூட நீ சொல்ல வேண்டியதில்லனு விளக்கினோம். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு இருந்துச்சு. அப்புறம் "கருணை கூர்ந்து" வ ஸ்கேல் வச்சு நேரா ஒரு கோடு போட்டு அடிச்சுது. "பணிவோடு" வ அப்படியே விட்டுருச்சு, மரியாதை இருக்கட்டும் மிஸ்னு சொல்லிச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த சிபிஎஸ்இ பையன் அதப் பார்த்துட்டு தன் மனுவ தமிழ்ல எப்படி எழுதறதுனு அவகிட்டயே கேட்டான், அவ அரசியலமைப்புல பேச்சுரிமை பத்தின ஆர்ட்டிகிள் 19னா என்னனு அவன்கிட்ட கேட்டா. நாங்க நகர்ந்து வந்துட்டோம்.

இப்ப கணக்குக்கு வர்றேன். ஒரு பெட்டிக்கு 1,800 ரூபா, 40 பள்ளிக்கு 72,000. புத்தகம் ஒண்ணு 45 ரூபா, 2,000 பிரதி 90,000. பசங்கள கூட்டிட்டு வர்ற வண்டி செலவு, டீ பிஸ்கட் எல்லாம் சேர்த்து 38,000. மொத்தம் ரெண்டு லட்சம். குழு ஆட்களே போட்டது 46,000, இன்னும் 1,54,000 வேணும். சொல்லிக் குடுக்கறவங்க யாருக்கும் சம்பளம் இல்ல.

45 ரூபா அனுப்பினாலும் ஒரு பிள்ளை கையில ஒரு புத்தகம் போகுது, கம்மியா இருக்கேனு தயங்காதீங்க. 80ஜி வரி விலக்கு எங்களுக்கு இன்னும் கிடையாது, அத முன்னாடியே சொல்லிடறோம். வெளிநாட்டுல இருக்கற நம்ம சொந்தங்க இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பலாம், வேற நாட்டு குடியுரிமை வாங்கினவங்ககிட்ட எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவு இல்லாம நாங்க வாங்கக்கூடாது, சட்டம் அப்படி, கோவிச்சுக்காதீங்க. சட்டத்த சொல்லிக் குடுக்கப் போற நாங்களே அத மீறினா நல்லா இருக்காது. கட்சிக்காரங்க பணம், வேட்பாளர் பணம் எதுவும் வேண்டாம்னு முதல் கூட்டத்துலயே முடிவு பண்ணிட்டோம், பெட்டி மேல யார் பேரும் போட மாட்டோம்.

பொருளாளருக்கு ஒரு மெசேஜ் போட்டா அக்கவுண்ட் விவரம் அனுப்புவார், ரசீது உண்டு, மாசக் கடைசில வரவு செலவு முழுசா பில்லோட போடுவோம், சந்தேகம் இருந்தா கேளுங்க, பதில் சொல்ல 30 நாள் எடுத்துக்க மாட்டோம். பணம் முடியலனா பழைய வார்டு மேப், காலாவதியான படிவங்க, ஒரு சனிக்கிழமை, எது முடியுமோ அத குடுங்க. காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு முன்னாடி முதல் பத்து பெட்டியாவது பள்ளிக்கு போயிடணும், பிரஸ்காரர் அதுக்கு ஆகஸ்ட் கடைசில ஆர்டர் குடுங்கனு சொல்லியிருக்கார்.