வாழைப்பூவும் வாய்தாவும்

ஸ்ரீரங்கம்,
12.10.2025

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, சிரிக்காமல் கேள். ஆகஸ்டில் உன் தங்கச்சி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. போன திங்கள்தான் பிரித்தார்கள். வலி இல்லை, விரல் மடக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அடுப்படி என் பொறுப்பு.

சாதம், ரசம், அப்பளம் வரைக்கும் கும்பகோணத்தில் நாம் ரூம் எடுத்துத் தங்கியபோதே கற்றதுதான். இரண்டாவது வாரமே அவளுக்கு நாக்குச் செத்துவிட்டது. வாழைப்பூ உசிலி வேண்டும் என்றாள். காந்தி மார்க்கெட்டில் 35 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். "மொந்தன் பூ சார், துவர்க்காது" என்றாள் பூக்காரம்மா. வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊரில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆனால் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்ததில்லை.

சிவப்பு மடலைத் தூக்கினால் உள்ளே சீப்புச் சீப்பாகக் குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் தீக்குச்சி மாதிரி விறைப்பாக ஒரு நரம்பு, அதன் தலையில் ஒரு குமிழ். அதுதான் கள்ளன். பக்கத்திலேயே கண்ணாடிக் காகிதம் போல ஒரு செதில். இரண்டையும் எடுக்க வேண்டும். எவ்வளவு வேகவைத்தாலும் கள்ளன் வேகாது. நுனியை உள்ளங்கையில் தேய்த்தால் பூ விரியும், குமிழ் தலை நீட்டும், பிடித்து இழுக்கலாம். முதலில் எனக்குப் பூதான் பிய்ந்து வந்தது, கள்ளன் அப்படியே நின்றது. ஆய்ந்ததை உடனே மோர்த் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். கைக்கு எண்ணெய் தடவச் சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் என் விரல்களைப் பார்த்த வக்கீல், "எந்தத் தேர்தல் சார்?" என்றார்.

14 மடல், சுமார் 200 பூ. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே போகப் போகப் பூ சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் வெள்ளைக் குருத்து. அதில் எடுக்க எதுவும் இல்லை, அப்படியே நறுக்கலாம். நிமிர்ந்து பார்த்தால் காபி ஆறிப் போயிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் தம்பி ஞாபகம் வரவே இல்லை!

தம்பியோடு நடக்கும் மனை வழக்கு தெரியுமே உனக்கு. நான்கு வருஷமாக வாய்தா. ராத்திரி படுத்தால் கோர்ட்டில் பேச வேண்டியதையெல்லாம் சீலிங் ஃபேனிடம் பேசிக்கொண்டிருப்பேன். நீ போனில் அனுப்பினாயே தியான ஒலிப்பதிவு, அதையும் கேட்டேன். மூச்சைக் கவனி என்கிறார். நாலாவது மூச்சில் தம்பி வந்து உட்கார்ந்துவிடுவான். மூச்சைக் கவனிக்காவிட்டாலும் மூச்சு ஓடுகிறது, அதுதான் தொல்லை. கள்ளனைக் கவனிக்காவிட்டால் சாப்பாட்டில் பல்லிடுக்கில் வந்து நிற்கும், எதிரே உன் தங்கச்சி முறைப்பாள்.

அப்புறம் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாரம் ஒரு பூ என்று வைத்துக்கொண்டேன். உசிலி, வடை, துவட்டல், எல்லாம் ஆயிற்று. ஐந்தாவது பூவை அரை மணியில் முடித்துவிட்டேன், கை தானாக ஓடுகிறது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பாதியிலேயே தம்பி வந்துவிட்டான். சர்வே நம்பர், அவன் வக்கீல் சொன்ன பொய், எல்லாம் வரிசையாக வந்தன. கை ஆய்கிறது, மனசு கோர்ட்டில் நிற்கிறது. அதனால் நிம்மதி வாழைப்பூவில் இல்லை, எனக்கு வாழைப்பூ ஆயத் தெரியாததில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அவளிடம் சொன்னேன். "நாப்பது வருஷமா நான் ஆயறேனே, எனக்கு என்ன நிம்மதி கிடைச்சுது?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. தினமும் செய்தாக வேண்டியவளுக்கு அது வேலை, விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்தவனுக்கு அது வேடிக்கை. அவள் கேட்டதிலிருந்து அதை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. உன்னிடம் மட்டும்தான்.

இனி அடுப்படியில் பாதிப் பங்கு என்னுடையது என்று ஒப்பந்தம். அது வேலைக் கணக்கு. என் கணக்கில் இப்போது சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்கிறேன். நாலு துளைக்கும் சமமாக நூல் போட்டு, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்துவிட்டு, குச்சியை உருவி, கிடைத்த இடைவெளியில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டுமாம். நேற்று ஒன்று தைத்தேன். நன்றாகத்தான் நின்றது. என்ன, சட்டையின் முன்பக்கத்தையும் முதுகையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

உனக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது. ஒரு கண்தானே இப்போது? முடிந்து டாக்டர் பயணம் போகலாம் என்றதும் பஸ் ஏறி வா. ஊசியில் நூல் கோக்க இந்த வீட்டில் இரண்டு பேருக்குமே கண் தெரியவில்லை.

அன்புடன்,
சேகர்